பாலர் பள்ளிக்கு ஆண் வாத்தியார் ஏன் வருவதில்லை? மாலத்தீவு முதல் சேர்வராயன் மலை வரை

வாசகர் கேள்வி, 9 ஜூன் 2025

மகள் மொரிஷியஸில் இருக்கிறாள். பேரனை மூன்றரை வயதில் பாலர் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். போன மாதம் போய்ப் பார்த்தேன். ஆயா முதல் தலைமை ஆசிரியை வரை எல்லோரும் பெண்கள். பக்கத்துப் பள்ளியிலும் அப்படித்தான். செஷல்ஸில் இருக்கும் நண்பரும் அங்கே அதே கதைதான் என்கிறார். சின்னத் தீவு நாடுகளில் மட்டும் ஏன் இப்படி? ஆண்களுக்குச் சின்னப் பிள்ளைகளிடம் பொறுமை கிடையாது, அதுதான் காரணம் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் சொல்லலாம்.

10 ஜூன் 2025, இரவு 9.40

மறுக்கிறேன். என் அப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் 31 வருஷம் உட்கார்ந்தவர். கடுகளவு வெள்ளி மணியை இடுக்கியில் பிடித்து, பொடி வைத்து ஊதி, ஒவ்வொன்றாகப் பற்றவைப்பார். மூச்சு கொஞ்சம் கூடிப்போனால் மணி உருகிவிடும். அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு இப்படி ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆணுக்குப் பொறுமை இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தத் தெருதான் ஞாபகம் வரும்.

நான் 2010 முதல் 2016 வரை மாலத்தீவில் தெற்கே ஒரு தீவில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். இப்போது ஆறு வருஷமாகச் சேலத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வாத்தியார். அதனால் இது எனக்குச் சொந்தக் கேள்வி.

அந்தத் தீவில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடக்க 20 நிமிடம் போதும். அங்கேயும் எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்றுதான் சொல்வார்கள். கீழே நர்சரி, அதற்கும் கீழே பேபி நர்சரி. அந்தக் கட்டடத்துக்குள் ஆறு வருஷத்தில் ஒரு ஆண் ஆசிரியரைக்கூட நான் பார்த்ததில்லை. ஆனால் சாயங்காலம் கடற்கரைக்குப் போனால் ஜோலி என்று கயிறு வலை பின்னிய இருக்கைகளில் ஆண்கள் வரிசையாகச் சாய்ந்திருப்பார்கள், பாதிப் பேர் மடியில் குழந்தை இருக்கும். பக்கத்து வீட்டு மீனவர் ஒருவர் இரண்டு வயது மகனுக்குச் சாப்பாடு ஊட்டுவதைத் தினமும் பார்ப்பேன். சூரை மீனை உதிர்த்து, விரல் நுனியால் தடவித் தடவி முள் பார்த்து, தேங்காய்ப்பூவோடு பிசைந்து வைப்பார். குழந்தை துப்பும். மறுபடி வைப்பார். அரைமணி நேரம் ஆனாலும் குரல் உயராது.

வீட்டில் இருக்கிற இந்தக் கை பள்ளிக்கூடத்துக்கு ஏன் வரவில்லை என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

10 ஜூன் 2025, இரவு 11.15

அவசரத்தில் விட்டுவிட்டேன். ‘தீவு நாடுகளில் மட்டும்’ என்பதும் சரியில்லை. உலகம் முழுக்கவே முன்பருவப் பள்ளி ஆசிரியர்களில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் பெண்கள். இதற்கென்று பல வருஷமாகப் பாடுபடும் நார்வேயிலேயே பத்தில் ஒருவர்தான் ஆண். அவர்கள் வைத்த இலக்கு ஐந்தில் ஒருவர்.

காரணம் சம்பளம். வேறொன்றும் இல்லை. நம் ஊரில் தனியார் நர்சரியில் கொடுக்கிற பணத்தில் ஒரு ஆள் வாடகை கொடுத்துக் குடும்பம் நடத்த முடியாது. எனக்குப் பெண் பார்த்தபோது, மாலத்தீவில் வேலை என்றதும் காபியோடு பலகாரமும் வந்தது. இப்போது போய் எல்.கே.ஜி. வாத்தியார் என்று சொல்லியிருந்தால் காபியோடு முடிந்திருக்கும்.

11 ஜூன் 2025

சம்பளம் மட்டும்தான் என்று நேற்று எழுதியதைத் திருத்த வேண்டும். காலையில் அத்தைக்குப் போன் போட்டேன். அத்தை ஏற்காட்டில் நாகலூருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் அங்கன்வாடி பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் இன்றும் ‘பால்வாடி டீச்சர்’ தான். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

“சம்பளத்தை விடுடா கண்ணு. நீ அப்ளிகேஷனே போட முடியாது. பொம்பளைங்களுக்கு மட்டும்னு போட்டிருக்கும்.”

உண்மைதான். 1975 அக்டோபர் 2ஆம் தேதி ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கிய நாள் முதல் அங்கன்வாடி பணியாளர் என்றால் பெண்தான். அந்த ஊர்க்காரராக அல்லது பக்கத்து ஊர்க்காரராக இருக்க வேண்டும். விதவை, ஆதரவற்றவர் என்றால் முன்னுரிமை. 2025 நிலவரப்படி ஆரம்பத்தில் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய், ஒரு வருஷம் கழித்துத்தான் காலமுறை ஊதியம். தமிழ்நாட்டில் மையங்கள் 54,439. இத்தனை இடங்களில் ஒரு ஆணுக்கும் வழியில்லை. இப்படி இருக்கும்போது ‘ஆண்கள் வருவதில்லை’ என்று நாம் பேசுவது பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று ‘யாருமே உள்ளே வரலையே’ என்று கேட்பது மாதிரி.

தீவு நாடுகளில் அந்தப் பூட்டு இல்லை. அதனால் அங்கே காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

13 ஜூன் 2025

தீவுக் கணக்கு. கணக்கு வாத்தியார் என்பதால் இதில் கொஞ்சம் நிற்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாலத்தீவில் சுமார் 1,200 தீவுகள். ஆள் குடியிருப்பவை 200க்கும் குறைவு. மொத்த நாட்டிலும் 5 லட்சம் சொச்சம் பேர்தான். நம் சேலம் மாநகராட்சியில் 2011 கணக்கெடுப்பிலேயே 8 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதாவது சேலத்தைவிடச் சின்ன ஊரை எடுத்து, கிட்டத்தட்ட 200 துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் கடலுக்கு நடுவில் வைத்தால் அதுதான் மாலத்தீவு. செஷல்ஸ் மொத்தமும் 1 லட்சம் சொச்சம். பசிபிக் கடலில் இருக்கும் துவாலு என்ற தீவு நாட்டில் சுமார் 11,000 பேர், நம் பக்கம் ஒரு பெரிய ஊராட்சி அளவு.

இப்படிப்பட்ட நாட்டில் பாலர் பள்ளி ஆசிரியர்கள் 40 பேர் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அதில் ஒருவர் ஆண் என்றால் கணக்கில் 2.5 சதவீதம். அவர் கல்யாணமாகி வேறு தீவுக்குப் போனால் பூஜ்யம். மறு வருஷம் இரண்டு பேர் சேர்ந்தால் 5 சதவீதம். அட்டவணையில் பூஜ்யம் இருப்பதைப் பார்த்து அந்த நாட்டு ஆண்களே இப்படி என்று முடிவு கட்டக் கூடாது. ஒரு ஆள்தான் அந்தச் சதவீதம்.

கணக்கு அப்படியிருக்க, ஆண்கள் எங்கே போகிறார்கள் என்று பார்த்தால் விஷயம் தெரியும். மாலத்தீவில் ஒவ்வொரு ரிசார்ட்டும் தனித் தீவு. வேலைக்குப் போனவர் அங்கேயே தங்கி, விடுப்பில்தான் வீட்டுக்கு வருவார். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பையன்களில் நன்றாகப் பேசத் தெரிந்தவன் எல்லாம் ரிசார்ட்டுக்குத்தான் போனான். மீதிப் பேர் மீன்பிடிக்க. பசிபிக்கில் இன்னொரு தீவு நாடான கிரிபாதியில் 1967 முதலே கப்பல் வேலைக்கென்று ஒரு பயிற்சிப் பள்ளி இருக்கிறது. அங்கே படித்து வெளிநாட்டுக் கப்பல்களில் ஏறிய பையன்கள் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். ஊரில் தங்கி மாதச் சம்பளம் வாங்க ஒரு வேலை என்றால் அது பள்ளிக்கூடம். தங்குவது யார் என்றால் பெண்கள். தோணி ஏறிப் போகிறவனுக்கும் பாலர் பள்ளிக்கும் நடுவில் ஒரு கடல் இருக்கிறது.

(தோணி என்று நான் தமிழில் சொல்லவில்லை. மாலத்தீவு மொழியான திவேஹியிலும் அதே சொல்தான். வளையமாக இருக்கும் பவளத் தீவுகளை ‘அட்டோல்’ என்று உலகம் சொல்வதும் அவர்கள் மொழியிலிருந்து போனதுதான்.)

14 ஜூன் 2025

பள்ளி திறந்து இரண்டு வாரம். அழுகை ஓய்ந்துவிட்டது. எங்கள் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஆசிரியர் என்றால் ‘மிஸ்’. என்னை எப்படிக் கூப்பிடுவது என்று ஒரு பையனுக்கு ஒரு வாரம் குழப்பம். நேற்று அவனே தீர்த்துக்கொண்டான். “சார் மிஸ், எனக்கு ஷூ லேஸ் அவுந்திருச்சு.” இன்று பார்த்தால் வகுப்பு முழுக்க ‘சார் மிஸ்’. நான் திருத்தவில்லை.

17 ஜூன் 2025

வாசகர் ஒருவர் தனியாகக் கேட்டார்: “பெற்றோர் ஒன்றும் சொல்வதில்லையா?” எழுத வேண்டாம் என்று இருந்தேன். கேட்டுவிட்டதால் எழுதுகிறேன்.

இதற்கு முன் வேறொரு பள்ளியில் இருந்தேன். பெயர் வேண்டாம். அங்கே எனக்குச் சொல்லப்பட்டது ஒன்றே ஒன்று: எந்தப் பிள்ளையையும் கழிப்பறைக்கு நீங்கள் கூட்டிப்போகக் கூடாது, ஆயாதான். சரி என்றேன். ஒருநாள் நாலு வயதுப் பெண் பிள்ளை உட்கார்ந்த இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டது. ஆயா அன்று லீவு. பக்கத்து வகுப்பு மிஸ்ஸைக் கூப்பிட்டேன், அவர் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் சண்டை, வர முடியவில்லை. அந்தக் குழந்தை நனைந்த பாவாடையை இரண்டு கையாலும் விலக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தே நின்றது. ஒரு துண்டை நீட்டினேன். அதைக்கூட வாங்கத் தெரியாமல் நின்றது. பத்து நிமிடம். நான் அந்தப் பத்து நிமிடமும் வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் அம்மா வந்தார். “தப்பா நினைக்காதீங்க சார், ஆம்பளை வாத்தியார் வகுப்புல எம்பொண்ணு வேண்டாமுங்க” என்றார். நான் என்ன செய்தேன், என்ன செய்யவில்லை என்று அவர் கேட்கவில்லை. மறுநாள் என்னை இரண்டாம் வகுப்புக்கு மாற்றினார்கள். மாதக் கடைசியில் விலகிவிட்டேன்.

சம்பளம், கப்பல், ரிசார்ட் எல்லாம் இருக்கட்டும். இந்தப் பார்வை இருக்கிற வரைக்கும் எந்த ஆணும் வர மாட்டான். கொதிப்பில்தான் எழுதுகிறேன்.

19 ஜூன் 2025

நேற்று முன்தினம் எழுதியதை அழிக்கவில்லை, ஆனால் அதில் பாதி தப்பு.

எனக்கும் மகள் இருக்கிறாள். அவளைச் சேர்த்தபோது வேன் டிரைவர் யார், கூட யார் வருகிறார்கள் என்று நானே மூன்று தடவை கேட்டவன். அந்த அம்மாவுக்கும் அதே பயம்தான். 2012இல் போக்சோ சட்டம் வந்தது சும்மா இல்லை. பிள்ளைகளுக்குத் தீங்கு செய்தவர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். பயப்படுகிற தாயைப் பார்த்து ‘என்னைச் சந்தேகப்படுகிறீர்களே’ என்று நான் கோபப்பட்டால், பிள்ளையைவிட என் மானத்தைப் பெரிதாக நினைத்தேன் என்றாகிவிடும்.

தப்பு எங்கே என்றால், விதி எனக்கு மட்டும் போடப்பட்டதில். இப்போது இருக்கும் பள்ளியில் எல்லோருக்கும் ஒரே விதி. கழிப்பறைக்குப் பிள்ளையோடு போவது எப்போதும் இரண்டு பெரியவர்கள். வகுப்புக் கதவில் கண்ணாடி. ஆயா லீவு என்றால் இரண்டு வகுப்பையும் ஒன்றாக உட்கார வைப்போம். மிஸ் ஆனாலும் சார் ஆனாலும் இதுதான். சேர்க்கை நாளில் பெற்றோரை உள்ளே கூட்டிப்போய்க் காட்டிவிடுகிறோம். இங்கே இதுவரை இரண்டு பேர்தான் வகுப்பு மாற்றிக் கேட்டார்கள். அதில் ஒருவர் பிறகு அந்தப் பிள்ளையின் தம்பியை என் வகுப்பிலேயே சேர்த்தார்.

சின்னத் தீவில் இது இன்னும் கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். சேலத்தில் ஒரு பள்ளியில் ஒத்துவரவில்லை என்றால் நான் இன்னொரு பள்ளிக்குப் போனேன். ஆயிரம் பேர் இருக்கிற தீவில் இருப்பது ஒரே பள்ளி. ஒரு பேச்சு கிளம்பினால் அன்று மாலைக்குள் கடற்கரையில் எல்லா ஜோலி இருக்கைக்கும் போய்விடும். அந்தப் பேச்சு பொய் என்றாலும், போவதற்கு வேறு வகுப்பறை கிடையாது. இருபது வயதுப் பையன் இதை யோசித்துத்தான் ரிசார்ட்டுக்குப் போகிறான்.

21 ஜூன் 2025

ஜப்பானும் தீவு நாடுதானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சின்னத் தீவு இல்லை, ஆனால் அங்கே நடந்தது நமக்கு உபயோகப்படும். குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறவருக்கு அவர்கள் வைத்திருந்த பேரிலேயே ‘தாய்’ என்ற எழுத்து இருந்தது. 1977இல்தான் ஆண்களும் அந்தத் தகுதியைப் பெறலாம் என்று வந்தது. அப்புறமும் 1999 வரை அதிகாரபூர்வப் பேர் அதேதான். அந்த வருஷம்தான் ஆண் பெண் இருவருக்கும் பொதுவான பேராக மாற்றினார்கள். கதவைத் திறந்த பிறகு, வாசலில் இருந்த பலகையை மாற்ற 22 வருஷம்.

குஜராத்தில் கிஜுபாய் பதேகா என்று ஒருவர். வக்கீல். 1920இல் பாவ்நகரில் பால மந்திர் தொடங்கினார். அடியும் பயமும் இல்லாமல் கதை, பாட்டு, விளையாட்டு என்று நடத்தினார். பிள்ளைகள் மேல் அவ்வளவு உயிர். ஜனங்கள் அவருக்குப் பாசமாக வைத்த பேர் ‘மூச்சாளி மா’, மீசை வைத்த அம்மா. அழகான பேர்தான். ஆனாலும் எனக்கு அதில் ஒரு நெருடல். ஒரு ஆண் பிள்ளைகளை நன்றாகப் பார்த்துக்கொண்டால் அவரை அம்மா ஆக்கித்தான் நம்மால் பாராட்ட முடிகிறது. அந்தத் தீவு மீனவர் முள் பார்த்து ஊட்டியது அம்மாவாக இல்லை, அப்பாவாக. கிண்டர்கார்டன் என்ற பேரை 1840இல் வைத்த ஜெர்மன் கல்வியாளர் ஃப்ரோபெல்லும் ஆண்தான்.

22 ஜூன் 2025

சின்னச் சேர்க்கை. மாண்டிசோரி கல்வி முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர் காரணமாக 1946 வரை இந்தியாவில் இருந்தார். நடுவில் கொடைக்கானலிலும் தங்கினார். மகன் மரியோ கூடவே இருந்து பயிற்சி வகுப்புகளில் கைகொடுத்தார். மலைக் குளிரில் தாயும் மகனுமாகச் சின்னப் பிள்ளைக் கல்வியைச் சொல்லிக் கொடுத்த நாடு இது. நம் மலையிலும் நடக்காதா என்று ஆசை.

29 ஜூன் 2025

நேற்று ஏற்காடு போனேன். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு, பஸ் ஜன்னலில் குளிர் தட்டியதும் தலைவலி போய்விட்டது. அத்தை வீட்டில் கேழ்வரகுக் களியும் கீரையும். சாப்பிட்டுவிட்டு, அவர் வேலை பார்த்த மையத்துக்குக் கூட்டிப் போனார்.

14 பிள்ளைகள். பாதிப் பேரின் அப்பாக்கள் ஊரில் இல்லை. எஸ்டேட்டில் வேலை குறைந்தால் மிளகு பறிக்க, காபி பறிக்க என்று கர்நாடகம், கேரளம் பக்கம் போய்விடுகிறார்கள். இங்கே கடல் இல்லை, மலைதான். ஆனால் நான் தீவில் பார்த்த அதே ஊர்: பெண்கள், பிள்ளைகள், தாத்தாக்கள்.

தாத்தா ஒருவர் மைய வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். பேத்தியை விட வந்தவர் போகவே இல்லை. மடியில் கத்தி, ஒரு துண்டு மூங்கில். சீவி, துளை போட்டு, ஊதிப் பார்த்து, எச்சிலைத் துடைத்து ஒரு பிள்ளையிடம் நீட்டினார். சத்தம் வரவில்லை. வாங்கி, துளையை இன்னும் கொஞ்சம் சுரண்டி மறுபடி நீட்டினார். ஏழெட்டுப் பிள்ளைகள் அவர் முழங்காலில் சாய்ந்துகொண்டு நின்றார்கள். பிள்ளைகள் நெருங்கினால் கத்தியை மடக்கிவிடுவார், விலகினால் திறப்பார். அத்தை சொன்னார், மூன்று வருஷமாகத் தினமும் இப்படித்தானாம். எந்தப் பதிவேட்டிலும் அவர் பேர் இல்லை.

திரும்பி வரும்போது நான் உற்சாகத்தில், அங்கன்வாடி வேலையை ஆண்களுக்கும் திறந்துவிடச் சொல்லி மனு எழுதப் போகிறேன் என்றேன். அத்தை நின்றுவிட்டார்.

“உங்க மாமா போனப்புறம் எனக்கு இந்த வேலைதான்டா சோறு போட்டுச்சு. ரெண்டு பிள்ளைங்களை இதுலதான் கரையேத்துனேன். என்னை மாதிரி எத்தனை பேரு. அதையும் ஆம்பளைங்களுக்குக் குடுக்கணுமா?”

எனக்குப் பதில் வரவில்லை. 1982 ஜூலை 1ஆம் தேதி சத்துணவுத் திட்டம் வந்தபோது, இந்த மையங்களில் ஏராளமான ஏழைப் பெண்களுக்கு முதல் தடவையாக மாதச் சம்பளம் என்று ஒன்று கையில் வந்தது. அத்தை சேர்ந்தது 1984இல். 11ஆம் தேதி நான் அதைப் ‘பூட்டிய கதவு’ என்று எழுதினேன். அந்தப் பூட்டு அத்தையின் குடும்பத்தையும் காப்பாற்றியிருக்கிறது. அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

30 ஜூன் 2025

ராத்திரி தூங்காமல் யோசித்தேன். இருக்கிற இடத்தில் ஒன்றைக்கூடப் பெண்களிடமிருந்து எடுக்கக் கூடாது. ஒரு மையத்துக்குக் கூடுதலாக ஒரு ஆசிரியர் என்று புதிதாக உருவாக்கினால், அந்த இரண்டாவது இடத்துக்கு ஆண் பெண் யாரும் வரலாம் என்று வைக்கலாம். போனில் அத்தையிடம் சொன்னேன். “அதுன்னா சரி. கூட ஒரு ஆளு இருந்தா எனக்கு முட்டி இவ்வளவு தேஞ்சிருக்காது” என்றார்.

தீவு நாடுகளுக்கும் இதையே சொல்வேன். மொரிஷியஸில் 2024 ஜனவரி முதல் முன்பருவக் கல்வியை இலவசமாக்கியிருக்கிறார்கள். அரசு பணம் போடத் தொடங்கிய இடத்தில் ஆசிரியர் சம்பளத்தையும், ஆள் எடுப்பதையும் பற்றிக் கேட்க உரிமை உண்டு. கேள்வி கேட்ட ஐயா, அடுத்த தடவை பேரனின் பள்ளிக்குப் போகும்போது ஒன்று கேளுங்கள்: இதுவரை ஒரு ஆணாவது இங்கே வேலை கேட்டு வந்தாரா? வந்தார் என்றால் என்ன சொல்லி அனுப்பினீர்கள்? பதிலை இங்கே எழுதுங்கள்.

3 ஜூலை 2025

ஆண் வாத்தியார் வந்தால் பையன்கள் நன்றாகப் படிப்பார்களா என்று ஒருவர். மதிப்பெண்ணுக்காக நான் இதைக் கேட்கவில்லை. அப்பா கப்பலில் இருக்கிற, அப்பா மிளகுத் தோட்டத்தில் இருக்கிற பிள்ளை, ஒரு ஆண் குனிந்து தன் ஷூ லேஸைக் கட்டுவதையும், அழுகிறவனைத் தூக்குவதையும், பெருக்கித் துடைப்பதையும் நாள் முழுக்கப் பார்க்க வேண்டும். பெண் பிள்ளையும் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

5 ஜூலை 2025

அத்தை ஊரிலிருந்து ஒரு பையன் வந்திருந்தான். அந்த மூங்கில் தாத்தாவின் மகன் வழிப் பேரன், பிளஸ் டூ முடித்தவன். “பால்வாடி மாதிரி வேலை பாக்கணுங்ணா, என்ன படிக்கணும்?” என்று கேட்டான். கர்நாடகத்துக்கு மிளகு பறிக்க ஒரு தடவை போய் வந்திருக்கிறான், பிடிக்கவில்லையாம். அங்கன்வாடிக்கு வழியில்லை என்பதைச் சொன்னேன். உத்தமசோழபுரத்தில் மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, இரண்டு வருஷப் பட்டயம், முடித்தால் ஒன்றாம் வகுப்பிலிருந்து மேலே பாடம் நடத்தப் போகலாம், மூன்று வயதுப் பிள்ளைகளிடம் போக என்னைப் போலத் தனியார் பள்ளிதான் என்றேன். சம்பளத்தையும் மறைக்காமல் சொன்னேன். 17ஆம் தேதி எழுதியதைப் படிக்கக் கொடுத்தேன், 19ஆம் தேதி எழுதியதையும்.

இரண்டையும் படித்துவிட்டு, “ஒன்னாவதுன்னாலும் சரிங்ணா” என்றான். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் இறங்கி வருகிறான். பள்ளிக்கு அரைநாள் லீவு சொல்லியிருக்கிறேன், நான்தான் கூட்டிப் போகிறேன்.